பொங்கல் விருந்துக்குச் சீஸ் உருளைக்கிழங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஏற்காட்டில் அனைவரும் நலம். பொங்கலை ஒட்டிய சனிக்கிழமை உன் வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடுகிறார்கள் என்றும், சேலத்து வெயிலுக்குப் பயந்து மே மாதத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் நம் சொந்தபந்தத்துக்கு நான் செய்து வைக்கும் சீஸ் உருளைக்கிழங்கை நீயும் செய்யப் போகிறாய் என்றும் அம்மா சொன்னாள்.

நீ இருக்கும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் இதே வகைப் பண்டம் உண்டு. துக்கம் நடந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுபோவதால் அதை ‘ஃபியூனரல் பொட்டேட்டோஸ்’ என்பார்கள். பண்டிகை நாளில் அந்தப் பெயரைப் பெரியவர்கள் காதில் போட்டுவிடாதே. அதில் அவர்கள் ஊற்றும் டின் சூப் பெரும்பாலும் கோழி சேர்ந்தது. சீஸிலும் சிலவற்றைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டு உறைய வைப்பதால், சைவம் மட்டுமே உண்பவர்கள் வருகிறார்கள் என்றால் உறையில் ‘மைக்ரோபியல்’ அல்லது ‘வெஜிடேரியன்’ ரென்னெட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

ஒரு பெரிய தட்டுக்கு ஒன்றேகால் கிலோ யூக்கான் கோல்டு கிழங்கு போதும். உனக்கு இரண்டு தட்டு வேண்டியிருக்கும். ரஸெட் கிழங்கு குழைந்துவிடும். தோல் சீவி, அரை அங்குலத் துண்டுகளாக்கி, உப்பிட்ட பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்று. கொதிநீரில் போட்டால் ஓரம் வெந்து கரைந்த பிறகும் நடு வேகாமல் நிற்கும். நம் மலை 1,500 மீட்டர் உயரம், உங்கள் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி ஏறத்தாழ 1,300 மீட்டர். இரண்டு இடத்திலும் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுவதால், சமையல் புத்தகம் சொல்லும் நேரத்தை நம்பாமல் கத்தி முனையால் குத்திப் பார். முக்கால் பதம் வந்ததும் வடித்து, அதே சூடான பாத்திரத்தில் திரும்பப் போட்டு, மேலே வெள்ளையாக மாவு படரும் வரை ஆவி போக விடு. இந்த ஈரம்தான் பின்னால் தட்டின் அடியில் நீராகத் தேங்கி, பரிமாறும்போது மானத்தை வாங்கும்.

ஒரு தட்டுக்கு 50 கிராம் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, 50 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போகும்வரை சிவக்காமல் வறுத்து, 600 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறு. இறக்கிய பிறகே 300 கிராம் செடார் சீஸைத் துருவிச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் செடார் எண்ணெயாகப் பிரிந்துவிடும். துருவி விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அது வழவழவென்று உருகாது. கட்டியாக வாங்கி நீயே துருவு. காரத்துக்கு மிளகு மட்டும். சில்வர் ஓக் மரத்தில் கொடியேற்றிய நம் ஊர் மிளகு உன்னிடம் இன்னும் இருக்கிறது அல்லவா, அதைக் கொரகொரப்பாக இடித்துப் போடு. கரம் மசாலா போடச் சொல்லும் உன் சித்தியின் பேச்சைக் கேட்காதே.

இவ்வளவையும் முந்தின நாள் இரவே முடித்து, கிழங்கை இந்தச் சாஸில் புரட்டித் தட்டில் நிரப்பி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். அப்படிச் செய்தால்தான் விருந்தன்று வந்தவர்களோடு நீயும் உட்கார்ந்து பேச முடியும். கண்ணாடித் தட்டு என்றால் ஜில்லென்று ஓவனில் வைக்காதே, விரிசல் விடும். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அலுமினியத் தாளால் மூடி 40 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு, வெண்ணெயில் புரட்டிய கார்ன் ஃப்ளேக்ஸைத் தூவி, ஓரங்களில் குமிழி கிளம்பிப் பழுப்பேறும் வரை இன்னும் கால் மணி நேரம். எடுத்தவுடன் வெட்டினால் சாஸ் ஓடும். பத்து நிமிடம் ஆறட்டும்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடு. மறுநாள் பிசைந்து தட்டி, ரொட்டித் தூளில் புரட்டித் தோசைக்கல்லில் போட்டால் பேரனுக்குக் கட்லெட் ஆயிற்று.

அன்புடன்,
அப்பா