குராமித் தொட்டி கொடுப்பவர்கள் மூடியும் கொடுக்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் அலங்கார மீன் வளர்த்து வருமானம் தேடுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஒரு சோடி நீலக் குராமி ஒரு தடவையில் ஆயிரம் முட்டை இடும் என்று சொல்லி, அந்த ஆயிரத்தைக் குஞ்சின் விலையால் பெருக்கி, வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் கிடைக்கக்கூடிய வருமானத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். முட்டைக் கணக்கில் பிழையில்லை. நன்றாகத் தின்று கொழுத்த பெட்டை ஆயிரத்துக்கு மேலும் இடும். ஆனால் முட்டைக்கும் கடைக்குப் போகிற குஞ்சுக்கும் நடுவில் சில மாதங்கள் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிக் கட்டுரையில் இருந்தது ஒரே ஒரு வரி, குஞ்சுகளுக்குத் தகுந்த உணவு கொடுக்க வேண்டும் என்று. அந்த ஒரு வரிக்குள்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

நான் ஆரையம்பதியில் வீட்டுப் பின்விறாந்தையில் குராமி பொரிக்க வைத்து, காத்தான்குடி, மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்து வருபவள். மீன்காரி என்றால் சந்தையில் பாரையும் கணவாயும் விற்கிற அக்காவைத்தான் ஊரில் நினைப்பார்கள். அதனால் எனக்குக் குராமி அன்ரி என்று பேராகிவிட்டது. வாழ்வாதார உதவியாகக் கண்ணாடித் தொட்டியும் காற்று மோட்டாரும் மீன் சோடியும் கிடைத்த பெண்கள் பலர் என்னிடம் வந்து போகிறார்கள். அவர்களில் சிலரின் தொட்டியில் இப்போது அரிசி கொட்டி வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் பிள்ளைகளின் சப்பாத்து இருக்கிறது. சோம்பல் என்று அவர்களைக் குறை சொல்வது லேசு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பொரிக்க வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆணின் முதுகுச் செட்டை நீண்டு கூராக இருக்கும், பெட்டைக்குக் கட்டையாக வளைந்திருக்கும். தண்ணீரை அரை அடிக்குக் குறைத்து, சூடு 28 பாகை செல்சியஸ் அளவில் நின்றால் ஆண் மேல்மட்டத்தில் நுரைக் கூடு கட்டத் தொடங்கிவிடும். கூடு கலையாமல் நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். தண்ணீரில் மிதந்து படர்கிற களையான ஆற்றுவாழையின் வேர் அதற்கு அருமையான சாமான். ஆனால் ஆற்றுவாழைக்கு எதிராக இந்த நாட்டில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டாயிற்று. வாவிக்கரைப் பக்கம் போய்ப் பார்த்தால், அந்தச் சட்டத்தை ஆற்றுவாழைக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை என்று தெரியும். நான் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் கோப்பையை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து மிதக்க விடுகிறேன். அதுவே போதும். அந்த நாட்களில் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும், குமிழி அடித்தால் கூடு சிதறிவிடும்.

ஆண் பெட்டையை வளைத்து இறுக்கிக்கொள்ளும்போது முட்டை வெளிவரும். அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தானாகவே மேலெழும்பும். வழி தப்பியதை ஆண் வாயால் பொறுக்கிக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் துப்பும். இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பில் சோறு குழைந்துவிடும். முட்டையிட்டு முடிந்ததும் பெட்டையை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆண் அதைக் கடித்துக் குதறும். ஏறக்குறைய ஒரு நாளில் முட்டை பொரிக்கும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் கூட்டை விட்டு நீந்தத் தொடங்கும். அப்போது தகப்பனையும் வெளியில் எடுத்துவிட வேண்டும். பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு தேநீர் கொடுத்து முடிந்துவிடுகின்றன.

அந்த நேரத்தில் குஞ்சு என்பது கண்ணிமை மயிரின் ஒரு துண்டு. வயிற்றில் கொண்டுவந்த மஞ்சட்கரு தீர்ந்திருக்கும். கடைத் தீனை அம்மியில் வைத்து அரைத்தாலும் அதன் வாய்க்குள் போகாது. போட்ட தூள் அடியில் படிந்து அழுகும், தண்ணீர் பாலாகும், குஞ்சு தீனுக்கு நடுவில் பட்டினி கிடந்து சாகும். வீட்டுக்காரர் ஏதோ நோய் வந்துவிட்டது என்று மெதிலீன் நீலம் வாங்கி ஊற்றுவார். ஆயிரம் முட்டைக் கணக்கு பெரும்பாலான வீடுகளில் முடிகிற இடம் இதுதான்.

இந்தக் குஞ்சுக்கு உரிய சாப்பாடு இன்புசோரியா எனப்படும் நுண்ணுயிர்கள். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வைக்கோலுக்குப் பஞ்சமா? படுவான்கரையில் அறுவடை முடிந்த எந்தப் போடியாரிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே அள்ளித் தருவார். ஒரு பிடி வைக்கோலை அவித்து ஆறவிட்டு, மீன் நின்ற பழைய தண்ணீர் உள்ள வாளியில் போட்டு நிழலில் வையுங்கள். வாழைப்பழத் தோல் ஒன்றும் போடலாம். முதல் இரண்டு மூன்று நாள் கலங்கி நாறும், மேலே வெள்ளை ஆடை படரும். மாமி திட்டுவா, பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நாற்றம் போய்த் தண்ணீர் தெளியும். ஒரு கண்ணாடிக் கிளாசில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசு தானாக நகருவது தெரியும். அந்தத் தூசுதான் சாப்பாடு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். முக்கியமான விசயம், ஆணையும் பெட்டையையும் ஒன்றாக விடுவதற்கு ஒரு கிழமை முன்னமே வாளியை வைத்துவிட வேண்டும். முட்டையைக் கண்ட பிறகு வைக்கோல் தேடிப் போகிறவருக்குக் குஞ்சு காத்திருக்காது.

அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்தும் கொடுக்கலாம். அது அவசரத்துக்கு மட்டும். கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் கெடும், மேலே எண்ணெய்ப் படலம் பிடிக்கும். படலத்தை எடுக்கப் பத்திரிகைத் தாளை விரித்து இழுப்பவர்களும் உண்டு. தங்கள் பத்திரிகைக்கு மரியாதை கொடுத்து நான் மகளின் பழைய கொப்பியில் எழுதாத பக்கத்தைக் கிழித்துத்தான் இழுக்கிறேன்.

ஒரு கிழமை கழிந்தால் ஆர்ட்டீமியா கொடுக்கலாம். அது டப்பாவில் முட்டையாக விற்கிற, உப்புத் தண்ணீரில் பொரிக்கிற, பொடி இறால் போன்ற உயிர். டப்பா விலை கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் நகத்தில் அள்ளுகிற அளவே ஒரு நாளைக்குப் போதும். அதைப் பொரிக்க வைக்க உப்புத் தண்ணீர் வேண்டும் என்று உப்பை நிறுத்துக் கரைத்துச் சிரமப்படுகிறார்கள். ஆரையம்பதி, தாழங்குடா, களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோடு ஒட்டி வாழ்கிற நாங்கள் ஏன் உப்பு வாங்க வேண்டும்? ஒரு போத்தல் கடல் தண்ணீரைத் துணியில் வடித்து, அதில் முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை அடிமட்டும் விட்டால் ஒரு நாளில் பொரித்துவிடும். உப்பை அலசிவிட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்து அரை மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். தின்ற குஞ்சின் வயிறு செம்மஞ்சளாகத் தெரியும். வயிறு வெறுமையாக இருப்பவற்றைத் தனியே எடுத்து இன்னும் சில நாள் வைக்கோல் தண்ணீரிலேயே விடுவேன்.

அடுத்தது மூடி. குராமி வாயால் காற்றைக் குடித்து உயிர்வாழ்கிற மீன். செவுளுக்கு மேலே அதற்கென்று ஓர் உறுப்பு உண்டு. எங்கள் வயல் வாய்க்காலில் இருக்கிற பனையேறி மீனுக்கும் அது உண்டு. ஆனால் குராமிக் குஞ்சு அந்த உறுப்போடு பிறப்பதில்லை. முதல் கிழமைகளில் செவுளால்தான் மூச்சு. மூன்றாம் நான்காம் கிழமை அளவில்தான் உறுப்பு உருவாகி, குஞ்சு மேலே வந்து முதல் வாய்க் காற்றை எடுக்கிறது. அந்தக் காற்று தண்ணீரைப் போலவே சூடாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். குளிர் காற்றுப் பட்டால் அன்றோடு சரி. அதனால்தான் கண்ணாடி மூடி போட்டு, காற்றுப் போய்வர ஓர் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டு வைக்கிறோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி சாப்பாட்டு விசயத்தை என்னிடம் கேட்டுப் பழகிக் குஞ்சுகளை அருமையாக மூன்று கிழமை கொண்டுவந்துவிட்டாள். உதவியாகக் கிடைத்த தொட்டிக்கு மூடி இல்லை. பொலித்தீன் விரித்து மூடச் சொன்னேன், மூடினாள். மார்கழி மழை, வாடைக் காற்று. யாரோ வீட்டுக்கு வந்தவர், “பாவம்கா, மூச்சு முட்டாதா அதுகளுக்கு?” என்று இரக்கப்பட்டு இரவு பொலித்தீனை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விடிய என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அடி மணலில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கின்றன. “மறுகா என்னத்துக்கக்கா நான் இவ்வளவு பாடுபட்ட?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் மீன் வளர்க்கவில்லை. கண்ணாடிக் கடையில் கழித்துப் போட்ட துண்டு ஒன்று இருந்திருந்தால் அந்தக் குஞ்சுகள் தைப்பொங்கலுக்குப் பிறகு கடைக்குப் போயிருக்கும்.

மார்கழி என்றதும் இன்னொன்று. இந்தத் தொட்டிகளைப் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்தான் பங்கிடுகிறார்கள். வருடம் முடிய முன் பணத்தைச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் என்று நான் நினைக்கிறேன். நிதிக்கு அது காலமாக இருக்கலாம், குராமிக்கு அல்ல. எங்களுக்கு மழையும் குளிரும் வெள்ளமும் அந்த மாதங்களில்தான். மாசிக்குப் பிறகு கொடுத்தால் புதிதாகப் பழகுகிறவருக்கும் கை கொடுக்கும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் தண்ணீர் வற்றும், கிணறு இறங்கும், ஆனால் குஞ்சு சாகாது. ஆவியாகிற அளவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் சரி. குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு திறந்து வைத்து, குளோரின் போன பிறகு விட வேண்டும்.

இவ்வளவு சொன்னதும் இது ஆகாத வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். வளர்ந்த குராமியைப் போல் தாங்குகிற மீன் கிடையாது. 2022 ஆம் ஆண்டு பங்குனி முடிவில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, தங்கமீன் வைத்திருந்தவர்கள் கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு விடிய விடிய இருந்தார்கள். என் குராமிகள் மோட்டார் நின்றதையே கவனிக்கவில்லை. மீன் வளர்ப்பில் இறங்க நினைப்பவருக்கு முதலில் குராமியைச் சொல்வது இதனால்தான். அதிலும் நீலம், அல்லது அதே இனத்தின் பொன்னிறம், மார்பிள். குட்டைக் குராமி வேண்டாம். அதற்கு வருகிற ஒரு வைரஸ் நோய்க்கு மருந்தே இல்லை. போதாதற்குக் கடைகளில் நிறத்துக்காக ஆண்களைத்தான் விற்பார்கள். உதவித் தொட்டி ஒன்றில் சோடி என்று வந்த குட்டைக் குராமி இரண்டுமே சிவப்பும் நீலமுமாய் மின்னின. இரண்டும் ஆண். பெட்டை சாம்பல் வெள்ளையாக, பார்க்க ஒன்றுமில்லாமல் இருக்கும் என்று வாங்கியவருக்கும் தெரியவில்லை, கொடுத்தவருக்கும் தெரியவில்லை.

டெங்குப் பரிசோதனைக்கு வரும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தம்பிமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் இருக்கிற தொட்டியில் நுளம்புக் குடம்பி தங்காது, குராமி ஒன்றையும் விடாது. ஆனால் வைக்கோல் வாளியில் மீன் இல்லை. அதை அவர்கள் சந்தேகமாகப் பார்ப்பது முழு நியாயம். வாளி வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள் என்பதை வைக்கோல் அவிக்கச் சொல்லிக் கொடுக்கிற அதே மூச்சில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மிஞ்சிய குஞ்சுகளைத் தோணாவில், அதாவது ஊருக்குள் ஓடுகிற நீரோடையில், ஊற்றுகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பிரானா, கத்தி மீன் முதலியவற்றை வளர்ப்பதைத் தடைசெய்து 2025 ஆம் ஆண்டு தொடக்கத்தில் வர்த்தமானி வந்தது. குராமி அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக வாவியில் விடலாம் என்று பொருளல்ல. அழுக்குத் தண்ணீரிலும் காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன் அங்கே போய் எங்கள் பனையேறியின் இடத்தைத்தான் பிடிக்கும்.

ஆகவே, நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபையினரும் பிரதேச செயலகங்களும் தொண்டு நிறுவனங்களும் இனித் தொட்டி கொடுப்பதாக இருந்தால் மூடியோடு, மாசிக்குப் பிறகு, ஆண் பெட்டை பார்த்துக் கொடுக்கட்டும். பயிற்சியை ஒரே நாளில் முடிக்காமல், முட்டை பொரித்த கிழமையிலும் மூன்றாம் கிழமையிலும் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கட்டும். வாகனச் செலவுக்குப் பணம் இல்லை என்றால் வழமையான பெரிய பதாகையைக் கொஞ்சம் சிறிதாக அடிக்கலாம்.

கட்டுரையை எழுதியவர் குஞ்சு வளர்ப்பைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதுவாரானால் நல்லது. அதுவரைக்கும் ஆரையம்பதிப் பக்கம் வருகிறவர்களுக்கு முதல் வாளிக்கு உறையாக விட என் வைக்கோல் தண்ணீரில் ஒரு போத்தல் தருவேன், காசு வேண்டாம். போத்தலை நீங்களே கொண்டு வாருங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
குராமி வளர்க்கும் வாசகி,
ஆரையம்பதி.