காற்று முதுகில் இருக்கட்டும்

கிளிநொச்சி
கார்த்திகை 10

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பதினொரு பேர், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை சைக்கிளில்! வாசித்து முடித்த கையோடு எழும்பிப் போய் அப்பாவின் பழைய றலிச் சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்தேன். அவ்வளவு சந்தோசம்.

பிள்ளைகளுக்கு யூலையில்தான் விடுமுறை என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் திசையை மாற்றுவோம். யூலையில் இங்கே சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, அடிக்கும். ஆனையிறவை நினைத்துப் பார். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லை. வடக்கிலிருந்து தெற்கே போனால் அந்தக் காற்று முழுக்க முகத்தில்தான். உழக்க உழக்க நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருக்கும். தெற்கிலிருந்து வந்தால் அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். ஆகவே தெய்வேந்திரமுனை வெளிச்சவீட்டடியில் தொடங்கி வீட்டை நோக்கி வருவோம்.

மலைநாட்டின் மேற்குப் பக்கம் அப்போது மழைக்காலம். ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். அதனால் வெல்லவாயவிலிருந்து எல்ல, பண்டாரவளை வழியாக ஏறுவோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். றம்பொடையில் நனைவோம், நனைந்த இறக்கத்தில் பிறேக் கட்டை சீக்கிரம் தேயும், ஆளுக்கு ஒரு சோடி மேலதிகமாக வேண்டும். கண்டிக்கு வந்துவிட்டால் அப்புறம் கண்டி-யாழ்ப்பாணம் பெருந்தெரு, ஏ9 தான். யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர்.

சைக்கிள் விசயத்தில் கவனமாக இரு. நீங்கள் அங்கே ஓடும் மெல்லிய ரயர் சைக்கிளுக்கு இங்கே சந்திக் கடைகளில் ரியூப் கிடைக்காது. 26, 28 அங்குலம்தான் லேசில் எடுக்கலாம். 26 அங்குல மலைச் சைக்கிள் என்றால் எந்த ஊரிலும் யாராவது ஒட்டுப் போட்டுத் தருவார்கள். சொந்தச் சைக்கிள்தான் வேண்டும் என்பவர் ஆளுக்கு நாலு ரியூப் கொண்டு வரட்டும், அந்த வால்வுக்குப் பொருந்தும் பம்பும் கொண்டு வரட்டும்.

இனி நான் மறுக்கிற இடம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஒரே நாள் என்று போட்டிருக்கிறாய். 140 கிலோமீற்றர், மேடு பள்ளம் இல்லாத நேர் றோட்டு, முடியும்தான். ஆனால் வன்னியை அப்படிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. உன் பிள்ளைகள் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று பெயர்ப்பலகைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

1996 மார்ச் 17 நினைவிருக்கிறதா? நீங்கள் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் வீட்டில் இருந்த நேரம். லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். பற்றரி வன்னிக்குள் வர விடாத காலம். இந்த றலியை முற்றத்தில் ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோ வயரை ரேடியோவில் கொளுவி, கையால் பெடலைச் சுற்றினோம். சுற்றும் கை சோர்ந்தால் ரேடியோவின் குரலும் சோரும். அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது சுற்றியது நீ. சந்தோசத்தில் கையை விட்டுவிட்டாய், சத்தம் அப்படியே நின்றுவிட்டது. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் உன் மேல் பாய்ந்தார்கள். அந்த டைனமோ இப்போதும் சில்லோடுதான் இருக்கிறது, உருளை மட்டும் தேய்ந்து வழுவழுவென்று போய்விட்டது.

அதே வருசம் செப்டெம்பரில் கிளிநொச்சியையும் விட்டு இடம்பெயர்ந்தபோது, அதே சைக்கிளில்தான் உன் அம்மாவைக் காய்ச்சலோடு கரியரில் இருத்தி, பாரில் அரிசி மூட்டையைக் கட்டி, ஸ்கந்தபுரம் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். ஏறி ஓடவே இல்லை. பின் ரயரில் நாலு இடத்தில் ஒட்டு. நீ மூட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாய், நான் ஹாண்டிலை. அம்மா ஒரு சொல் முனகவில்லை.

அந்த வழியால் ஒருதரம் சும்மா உழக்கிப் போக வேண்டும் மச்சான். பயமில்லாமல், சுமை இல்லாமல், பிள்ளைகள் முன்னால் போக நாங்கள் பின்னால். ஆகவே மூன்று நாள் கேட்கிறேன். முதல் நாள் வவுனியாவிலிருந்து மாங்குளம் வந்து மல்லாவியில் தங்கல். அடுத்த நாள் ஸ்கந்தபுரம், அக்கராயன் வழியாகக் கிளிநொச்சி. வெய்யில் ஏறுமுன் வந்துவிட்டால் பின்னேரம் இரணைமடுவுக்குப் போகலாம். யூலையில் குளத்துக்குக் கீழே சிறுபோக வயல் பச்சையாக நிற்கும். முறிகண்டி தவறிப்போகுமே என்று நீ சொல்வாய். எனக்கும் அதுதான் குறை. கிளிநொச்சியிலிருந்து கிட்டத்தானே, பின்னேரம் அங்கேயும் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மூன்றாம் நாள் ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் சுற்றாமல் கொடிகாமத்தால் திரும்பினால் பருத்தித்துறை எழுபது கிலோமீற்றருக்குள்தான்.

இன்னொன்று. யார் மெதுவாக ஓடுகிறாரோ அவர்தான் ஒவ்வொரு நாளும் முன்னால் போக வேண்டும். மெதுவாக ஓடுபவரைப் பின்னால் விட்டால் மத்தியானத்துக்குள் கூட்டம் இரண்டாகிவிடும். ஓமந்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யானை வரும், பொழுதுபட்ட பிறகு றோட்டில் யாரும் நிற்கவே கூடாது. இதை உன் கூட்டாளிகளுக்கு இப்போதே சொல்லிவை.

பதினொரு பேரின் வயதும் உயரமும் எழுதி அனுப்பு. சைக்கிள் பார்க்க அது வேண்டும். தை பிறந்ததும் மல்லாவி வரை ஒருதரம் நானே ஓடிப் பார்த்து, தண்ணீர் நிரப்பக்கூடிய இடங்களைக் குறித்து வைக்கிறேன்.

என் அம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறா, நீ இன்னும் ஒடியற்கூழ் குடிப்பாயா, அல்லது வேறு ஏதும் சமைக்க வேண்டுமா என்று. மறக்காமல் பதில் போடு.

உன்
பழைய மச்சான்