பெட்டியில 7.1, உள்ள ரெண்டே ஸ்பீக்கர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்கலை பக்கத்துல இருவது வருசமா மைக் செட் வாடகைக்கு விடுறேன், கோவில் கொடை, சர்ச் திருவிழான்னு பாக்ஸ் கட்டியே காலம் போச்சு, அந்த அனுபவத்துலதான் இத எழுதுறேன். எனக்க மவன் ஒம்பதாங் கிளாஸ். ஓணம் லீவுல மாமன் குடுத்த காசையும் சேத்து நாகர்கோவில்ல ஒரு கடையில 2,800 ரூபாய்க்கு கேமிங் ஹெட்செட் வாங்கினான். பெட்டிக்க மேல 7.1 சரவுண்ட்னு பெருசா போட்டிருக்கு, அதாவது சுத்தி ஏழு ஸ்பீக்கர், பேஸ் சத்தத்துக்கு ஒண்ணு, உள்ள எட்டு ஸ்பீக்கர் இருக்குன்னு கடைக்காரரும் சொல்லியிருக்காரு. ரெண்டு மாசத்துல ஒரு பக்கம் சத்தம் நின்னுபோச்சு. பட்டறையில வச்சு காதுப் பஞ்ச இழுத்துட்டு ஸ்க்ரூவ கழட்டிப் பாத்தா, ஒரே ஒரு டிரைவர், அதாவது சத்தம் வாற குட்டி ஸ்பீக்கர், 50 எம்எம் இருக்கும், அதுல அறுந்து நிக்கிற மயிரிழை மாதிரி ஒரு செம்பு வயர். அடுத்த பக்கமும் அதே கததான். "எப்பா, மீதி ஆறு எங்க?"ன்னு கேட்டான் பாருங்க, எனக்கு மனசு தாங்கல.

நெசமாவே ஒரு காதுக்கு நாலஞ்சு டிரைவர் வச்ச ஹெட்செட்டும் உண்டு, ஆனா அது அபூர்வம். மத்ததெல்லாம் ரெண்டு ஸ்பீக்கர வச்சே சுத்தி எல்லா பக்கமும் இருந்து சத்தம் வாற மாதிரி சாப்ட்வேர் செய்யிற வேல. அதுல தப்பு இல்ல, ஏன்னா நமக்கும் ரெண்டு காதுதான இருக்கு. வலது பக்கத்து சத்தம் இடது காதுக்கு ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட ஆகாத நேரம் பிந்தி வரும், தல மறைக்கதுனால கொஞ்சம் கொறஞ்சும் வரும், அத வச்சே மூள திசைய பிடிச்சிரும். முன்னாலயா பின்னாலயான்னு சொல்லுறது காதுமடல். மவன முற்றத்துல கண்ண மூடி நிக்க வச்சு, பொறத்தால நின்னு ரெண்டு சிரட்டைய தட்டினேன், டக்குனு கை காட்டினான். மடல ரெண்டையும் மடக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி தட்டினேன், தடுமாறிட்டான். இந்தக் கணக்க சாப்ட்வேர்ல போட்டதுக்குப் பேருதான் ஹெச்ஆர்டிஎஃப். ஒவ்வொருத்தன் காதும் ஒவ்வொரு மாதிரி இருக்கதுனால ஒருத்தனுக்கு சரியா கேக்கது இன்னொருத்தனுக்கு கேக்காது.

இதுக்குன்னு தனியா காசு குடுக்கவே வேண்டாம். விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் விண்டோஸ் சோனிக்னு சும்மாவே இருக்கு, கம்ப்யூட்டர் சவுண்ட் செட்டிங்ஸ்ல ஸ்பேஷியல் சவுண்டுல போய் ஆன் பண்ணினா போதும், சாதா ஸ்டீரியோ ஹெட்போன்லயும் வேல செய்யும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி சில கேம்ல உள்ளயே ஹெச்ஆர்டிஎஃப் உண்டு, அப்பம் இது ரெண்டயும் ஒண்ணா ஆன் பண்ணப்பிடாது, காலடிச் சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி கொழம்பிரும்.

இன்னொரு பயம், கேம்ல எதிரி வாற காலடி கேக்கணும்னு பிள்ளைய வால்யூம ஏத்துதுவ. பிள்ளைகளுக்கு 75 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாக்ஸ் பக்கத்துலயே நின்னு எனக்கு ஒரு காது பாதி போச்சு, அவனுக்கு அந்த கதி வரப்பிடாது.

உங்க பேப்பர்ல போன் ரிவியூ எல்லாம் வருதே, இதையும் ஒரு பக்கம் போடுங்க சார், கிறிஸ்மசுக்கு முன்னால போட்டா நல்லது, அப்பம்தான் இங்க பிள்ளையளுக்க கையில காசு இருக்கும்.

ஒரு வாசகர், தக்கலை