குளத்துக்கு எத்தனை அரசு?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். மதினியின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்த செய்தி கண்டு நிம்மதி அடைந்தோம். இங்கே கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. பிசானப் பருவ நெல் நடவு நடக்கிறது.

மாநில சுயாட்சி பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரையின் முதல் பகுதியை இரண்டு முறை படித்தேன். மத்திய, மாநில உறவை ஆராய 1969-இல் அமைந்த இராசமன்னார் குழுவையும், மாநில சுயாட்சி கேட்ட 1974-ஆம் ஆண்டின் சட்டமன்றத் தீர்மானத்தையும் சொல்லிவிட்டு, நெருக்கடி நிலையின்போது அரசமைப்பின் 42-ஆவது திருத்தத்தால் கல்வியும் காடும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனதைத் தாங்கள் சாடியிருக்கும் இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம் என்னும் பொதுப் பட்டியல் பெயருக்குத்தான் பொது. இரு சட்டங்கள் மோதினால் பெரும்பாலும் நிற்பது நாடாளுமன்றத்தின் சட்டமே. என் குறை வேறு. தங்கள் கட்டுரையில் அதிகாரம் தில்லியில் கிளம்பிச் சென்னையோடு நின்றுவிடுகிறது.

சென்ற தை மாதம், பயிர் பொதிப்பருவத்தில் இருந்தபோது, எங்கள் குளத்து நடுமடையின் அடைப்புப் பலகை உடைந்தது. இரவு முழுவதும் மணல் மூட்டையும் வைக்கோலும் திணித்து நின்றோம். காலையில் ஊராட்சியில் சொன்னால், ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள குளம் தங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். பொறுப்புடைய அலுவலகத்துக்குப் போனால், இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றார்கள். அதே குளத்தில் மூன்று கோடைக்கு முன் தூர் வாரியது, நாடாளுமன்றம் 2005-இல் இயற்றிய நூறு நாள் வேலைச் சட்டத்தின் பணம். ஆக, தூர் வாரிய கூலி ஓர் அரசினுடையது, மடை இன்னோர் அரசினுடையது. மடை உடைந்தால் நாங்கள் முதலில் போய் நிற்கும் ஊராட்சிக்கு அதில் எதுவும் இல்லை. ஒடிந்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு இதை எண்ணிப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது.

அரசமைப்பு ஊராட்சியை மறந்துவிடவில்லை. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் பதினொன்றாம் அட்டவணையைச் சேர்த்து, 29 பொருள்களை அதில் எழுதியது. மூன்றாவதாக இருப்பது சிறு பாசனமும் நீர் மேலாண்மையும்தான். ஆனால் அவற்றை ஊராட்சிக்குக் கொடுக்கும் 243ஜி உறுப்பு, மாநிலச் சட்டமன்றம் 'வழங்கலாம்' என்கிறதேயன்றி 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. உள்ளாட்சியோ ஏற்கெனவே மாநிலப் பட்டியலின் ஐந்தாம் இனம். எனவே சாவி சென்னையில் இருக்கிறது, அண்ணாச்சி. தில்லியிடம் நாம் கேட்கும் அதே கேள்வியை எங்கள் ஊராட்சித் தலைவர் சென்னையிடம் கேட்டால், அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. 243இ உறுப்பு ஊராட்சியின் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டு என்று வரையறுத்து, அது முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, நம் திருநெல்வேலியும் அதிலிருந்து புதிதாகப் பிரிந்த தென்காசியும் உட்பட ஒன்பது மாவட்டங்கள், வார்டு வரையறை முடியவில்லை என்று விடப்பட்டன. இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில். ஒரு முழுப் பதவிக்காலமே தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல், அரசு அமர்த்திய தனி அலுவலர் கையெழுத்தில் கழிந்தது. குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழி செய்யும் 356-ஆவது உறுப்பால் மாநில ஆட்சியைக் கலைத்தால் நாடே பேசும். 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அப்படிக் கலைக்கும் தில்லியின் கையைக் கட்டியும் விட்டது. எங்கள் ஊராட்சி ஐந்தாண்டு வெறுமையாகக் கிடந்ததைப் பற்றி டீக்கடையில்கூட யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அணுசக்தி, தில்லிக்கே உரிய ஒன்றியப் பட்டியலில் இருந்தும், கூடங்குளம் அணுமின் நிலைய வேலையை நிறுத்தும்படி 2011-இல் மாநில அமைச்சரவையால் சொல்ல முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதுவே அனுமதியும் கொடுத்தது. சட்டம் ஒழுங்கு கையில் இருந்ததால் மாநிலத்தின் சொல்லுக்கு எடை இருந்தது. ஊராட்சிக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லை.

பலகை கதையை முடித்துவிடுகிறேன். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, ஆசாரியிடம் வேங்கைப் பலகை அறுத்து வாங்கி நாங்களே பொருத்தினோம். அனுமதி யாரிடம் கேட்பது என்று தெரியாததால் கேட்கவில்லை.

தங்கள் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் 243ஜி-க்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு படி அனுப்பிவையுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி