பேரைத் தேய்த்து விடாதீர்கள்

பழைய சாமான் எடுக்கும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கும், இடிக்கப்போகும் வீட்டு முற்றத்தில் டெம்போவை நிறுத்தி மொத்தமாக விலை பேசுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நானும் உங்களிடம் வாங்குகிறவன்தான். என் வீட்டு ஊஞ்சல் பலகை, அயனிப் பெட்டி, நாழி, மரக்கால் எல்லாம் உங்கள் கைவழி வந்தவை. நீங்கள் எடுக்காவிட்டால் பாதி விறகாகியிருக்கும், மீதி உலையில் உருகியிருக்கும். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பேரைத் தேய்த்து அழிக்காதீர்கள்.

இரணியல் பக்கம் ஒரு ஓட்டு வீடு. படிப்புரை, அரங்கு, பத்தாயம் எல்லாம் உள்ள பழைய வீடு. அம்மா போன பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வீட்டை இடித்து மனையாக விற்பது என்று முடிவானதும் சாமான்களை முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். இரண்டு வியாபாரிகள் மாறி மாறி விலை ஏற்றிக் கேட்டார்கள். மரம் ஒரு பக்கம், வெண்கலமும் பித்தளையும் கிலோ கணக்கில் இன்னொரு பக்கம். தராசில் ஏறும் முன்பே ஒரு சருவத்தை, அந்த அகன்ற வாய்ப் பாத்திரத்தை மட்டும் நான் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தபோது விளிம்புக்குக் கீழே எழுத்து தெரிந்தது. உளிமுனையால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. ஒரு பெண்ணின் பெயர், ஊர்ப்பெயரின் முதலெழுத்து, கடைசியில் ௲௱௫. ஆயிரம், நூறு, ஐந்து. கேரள வழக்கான கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1105, அதாவது 1929 ஆவணியில் தொடங்கிய வருடம். விரலை வைத்துத் தடவினால் ஒவ்வொரு புள்ளியும் தட்டுப்படுகிறது. ஒரு புள்ளி மட்டும் கோடு தவறிக் கீழே இறங்கியிருக்கிறது, குத்தியவரின் கை சற்று வழுக்கியிருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பாத்திரத்தில் காணும் அடையாளம் இது. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் முன்பு திருவிதாங்கூரிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. அதனால்தான் தமிழில் பேரும் கொல்லக் கணக்கில் வருடமும் ஒரே விளிம்பில் இருக்கின்றன. 1926-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வரும்வரை இங்கே பல குடும்பங்களில் மருமக்கள்வழி, அதாவது சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் முறை. தாய்வழியில் வந்ததா, கல்யாணச் சீராக வந்ததா, பாகப்பிரிவில் வந்ததா என்று கேட்டால் வீட்டுப் பெண்கள் பாத்திரத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். நிலத்துக்குப் பத்திரம் எப்படியோ, அந்தப் பெண்களுக்கு இது அப்படி. பலருடைய பெயர் வேறெங்குமே எழுதப்பட்டதில்லை.

சில மாதம் கழித்து ஒரு கடையில் அதே வீட்டு உருளியைப் பார்த்தேன். காதில் இருந்த உடைசலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. மெஷினில் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார்கள். பேர் இருந்த இடம் லேசாகக் குழிந்திருந்தது, அவ்வளவுதான். ஏன் அண்ணே என்று கேட்டேன். “பேரு கெடந்தா ஆளு எடுக்க மாட்டாவ தம்பி, எவன் வீட்டுச் சாமானோன்னு யோசிப்பாவ” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வாங்குகிற எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. ஆனாலும் மீதியைப் பளபளப்பாக்கிவிட்டு அந்த நாலு விரற்கடையை மட்டும் விட்டுவைக்க முடியாதா? அதற்காக ஒரு பைசா குறைத்துக் கேட்க மாட்டேன். கூடுதலாகவே தருவேன். என்னைப் போல் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. எடுத்த ஊர், எடுத்த தேதி இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். இது உங்களுக்கும் காவல். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்தவை தொல்பொருளாகும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அந்தச் சீட்டு பேசும். கோயில் பேர் வெட்டிய விளக்கோ மணியோ வந்தால் கையே வைக்க வேண்டாம், போலீசுக்குச் சொல்லிவிடுங்கள். பழைய தாள்களோடு ஓலை ஏட்டுக்கட்டு வந்தால் ஆக்கரில், அதாவது கழிவுச் சாமானில் போடாதீர்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் அந்த வீட்டு மூத்த அக்கா எனக்குப் போன் செய்தார். விற்கும்போது ஊரில் இல்லாதவர். சருவம் என்னிடம் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். படம் அனுப்பினேன். வெட்டியிருப்பது அவருடைய அம்மாச்சியின் பேராம். சருவத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, கிண்டி மட்டும் கிடைக்குமா என்றார். கிண்டி என்றால் மூக்கு வைத்த தண்ணீர்ப் பாத்திரம். காலையில் அம்மா படிப்புரையில் முகம் கழுவும் கிண்டி அது. நான்கு கடை ஏறி இறங்கிவிட்டேன். எல்லாக் கிண்டியும் ஒன்றுபோல மின்னுகின்றன, ஒன்றிலும் எழுத்து இல்லை.

அண்ணன்மாரே, உங்களில் யாரிடமாவது அது இருக்கலாம். வெண்கலக் கிண்டி, ஒரு சாண் உயரம். மூக்கு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். மூக்கும் வயிறும் சேரும் இடத்தில் ஈயம் பற்றவைத்த தழும்பு உண்டு, பாலீஷ் போட்டாலும் அது போகாது. பார்த்தால் விற்காமல் எடுத்து வையுங்கள். நீங்கள் சொல்கிற விலைக்கு வாங்கி அந்த அக்கா கையில் நானே கொண்டு கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் வாங்கும் ஒரு தக்கலைக்காரன்