அப்பாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

வெள்ளவத்தை, கொழும்பு 6
போயா தினம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? போன வாரம் போனில், "வேலை, தூக்கம், மறுபடி வேலை. இதுக்கா கடல் தாண்டிப் போனே?" என்று கேட்டீர்கள். அப்போது சைட்டில் கான்கிரீட் ஓடிக்கொண்டிருந்தது. மிக்சர் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இன்று பௌர்ணமி, ஆபீஸ் கிடையாது. இங்கே எல்லாப் பௌர்ணமிக்கும் நாடு முழுக்க லீவு. சாராயக் கடையோடு கறிக்கடையும் மூடிவிடுவார்கள். கவிச்சி இல்லாமல் சோறு இறங்காத உங்களுக்கு இந்த ஊர் மாதத்தில் ஒரு நாள் கஷ்டம்தான்.

வேலை அதே வேலை. அங்கே பில்லிங் இன்ஜினியர் என்றார்கள், இங்கே க்யூ.எஸ். (குவான்டிட்டி சர்வேயர்) என்கிறார்கள். அளவெடுத்து, கணக்குப் போட்டு, மாதக் கடைசியில் பில்லை ஏற்றிவிட்டு, வெட்டிய தொகைக்காகச் சண்டை போடுவது. சைட்டில் எல்லாரும் சிங்களம். மேசன் பாஸ் (இங்கே கொத்தனாரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) எனக்கு எண்கள் சொல்லிக் கொடுத்தார். நீட்டலளவு வரைக்கும் சமாளிக்கிறேன், சண்டைக்கு இன்னும் ஆள் துணை வேண்டும்.

ஆனால் காலை ரயிலைச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் ஏறி, பம்பலப்பிட்டி தாண்டி, கொள்ளுப்பிட்டியில் இறங்குகிறேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது. இந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று அலையைத் தூக்கிப் பாறையில் அடிக்கும்போது வாசலில் நிற்பவர்களின் சட்டையில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். உட்கார இடம் கிடைத்தாலும் நான் கடல் பக்கத்து வாசலில்தான் நிற்பேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சாயங்காலம் காலி வீதி (Galle Road) கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ, ஒரு உளுந்துவடை. பக்கத்துக் கடையில் இரும்புத் தகட்டில் கொத்து ரொட்டி கொத்துவார்கள், காது அடைத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் தமிழ்ச் சங்கத்து நூலகம். 1942-ல் தொடங்கிய சங்கம், என் அறையிலிருந்து நடக்கிற தூரம்.

அப்புறம், உங்களுக்கென்றே ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். கொள்ளுப்பிட்டிப் பக்கம் பகத்தலை வீதியில், 33-ஆம் லேனில் ஒரு வீடு. ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் வாழ்ந்தது. 1919-ல் பிறந்தவர், முதலில் வக்கீல். ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி அதைத் தன் இஷ்டப்படி மாற்றப் போய், அந்தப் பித்தில் கட்டடக் கலை படித்து, தகுதி பெற்றபோது வயது 38. கோட்டேயில் ஏரி நடுவே இருக்கும் நாடாளுமன்றம் அவர் கட்டியதுதான், 1982-ல் முடிந்தது.

இந்த வீடு முதலில் வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகள். ஒவ்வொன்றாக வாங்கி, சுவரை உடைத்து, ஒன்றாக்கியிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் நீளமான வெள்ளை நடை. அங்கங்கே கூரையைத் திறந்துவிட்டு, கீழே ஒரு செடி, ஒரு சின்னத் தொட்டித் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஓரத்தில் நிற்பது நம் செட்டிநாட்டுத் தூண்கள், அப்பா! நீங்கள் இருந்திருந்தால் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து என்ன மரம் என்று சொல்லியிருப்பீர்கள்.

எனக்கு வேறொன்று உறைத்தது. பில்லில் நாங்கள் ஜன்னல், வாசல், முற்றம் எல்லாவற்றையும் "கழிவு" என்று போட்டுக் கழித்துவிடுவோம். சுவர் இல்லாத இடத்துக்குக் காசு இல்லை, அவ்வளவுதான். இந்த வீட்டில் கழிவுகளை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. இத்தனை வருஷம் கழித்தல் குறி போட்டுத் தள்ளியதெல்லாம் என்ன என்று அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். மறுநாள் சைட் வரைபடத்தை விரித்தபோது முதலில் கண் போனது லிஃப்ட் பக்கத்தில் விட்டிருந்த வெளிச்சக் குழிக்குத்தான். செலவைக் குறைக்க அதை மூடிவிடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. மூடினால் மிச்சமாகும் தொகையோடு, நடையில் பகலெல்லாம் எரியப்போகும் விளக்குகளின் கரன்ட் செலவையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். இன்னும் முடிவாகவில்லை. ஆனால் மேலாளர், பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை வருகிறது, அதற்கு வருகிறாயா என்று கேட்டார். சுண்ணாம்புப் பூச்சு, ஓடு, மர உத்தரம் என்று எல்லாம் பழைய முறை. சம்பளம் ஏறாது. சரி என்று சொல்லிவிட்டேன். பழைய சுண்ணாம்புக் கலவை பற்றி உங்களிடம் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது, நோட்டும் பேனாவும் எடுத்து வையுங்கள்.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. நம் மதுரைக் கோச்சடையில் மதுரா கோட்ஸ் நூல் மில்காரர்களின் கிளப் இருந்ததே, இப்போது ஹெரிடேஜ் ஹோட்டலாக இருப்பது, அதுவும் இந்த பாவா 1970-களில் கட்டியதுதான். டவுன் பஸ்ஸில் எத்தனை தடவை அதன் காம்பவுண்டைத் தாண்டியிருப்போம்! கொழும்பு வந்துதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முழங்கால் தேவலை என்றால் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். காபி விலை கூடத்தான் இருக்கும், முகம் சுளிக்காதீர்கள், காசு நான் அனுப்புகிறேன். சுவரும் தூணும் எப்படிச் சேர்கின்றன, மழைத்தண்ணீர் எங்கே இறங்குகிறது, இரண்டையும் பார்த்து எழுதுங்கள். தம்பியைப் போட்டோ எடுக்கச் சொன்னால் தன்னைத்தான் எடுப்பான்.

உங்கள் அன்பு மகள்