டெஸ்டர் சொன்னது பொய்யல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, போலி வைரங்களைப் பற்றிய எச்சரிக்கைக் கட்டுரையைப் படித்தேன். முப்பத்தொரு வருடமாகக் கல் பதிக்கிற வேலை எனக்கு. அந்த உரிமையில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரத்தையும் சிர்கோனியாக் கல்லையும் கட்டுரையாளர் ஒரே பட்டியலில் சேர்த்து, இரண்டுக்கும் 'போலி' என்று பெயர் வைத்துவிட்டார்.

சிர்கோனியா போலிதான், மறுக்கவில்லை. அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். சில வருடம் போட்டுப் புழங்கினால் பட்டைகளின் விளிம்பு மழுங்கிவிடும். வைரம்போலத் தெரியும் இன்னொரு கல்லான மாய்சனைட் இன்னும் கெட்டிக்காரக் கல். ஆனால் லென்ஸில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கத்து விளிம்புக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆய்வகக் கல்லில் இந்தக் கோளாறு எதுவும் கிடையாது. அதுவும் கார்பன்தான், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமும் ஒன்றுதான். கடினம் மோ அளவில் அதே 10, ஒளிவிலகல் எண் அதே 2.417.

இதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி மோதிரத்தைக் கொண்டுவந்து, "அண்ணா, இது அசலான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். வைரம் சோதிக்கும் டெஸ்டரின் ஊசியைக் கல்லின் முகப்பில் வைத்தேன், பீப் என்றது. "அசல் வைரந்தாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்கூட அறிக்கையோடு வந்து நின்றார். ஆய்வகத்தில் வளர்ந்தது, சி.வி.டி. முறை (வாயுவிலிருந்து வளர்ப்பது) என்று அதில் இருந்தது. அவருக்கு விற்றவர்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை. சூடு கல் வழியே எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை மட்டுமே அது அளக்கும். செம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவது வைரம். பூமிக்குள் பிறந்ததா, பெட்டிக்குள் பிறந்ததா என்று ஊசிக்கு என்ன தெரியும்? அவர் கேட்டது ஒன்று, நான் சொன்ன பதில் வேறொன்றுக்கு.

அதற்குப் பிறகுதான் ஆய்வக வைரத்தின் ஜாதகத்தைத் தேடினேன். வழி இரண்டு. முதலாவது, எச்.பி.எச்.டி. எனும் அழுத்த முறை. 1954 டிசம்பர் 16 அன்று ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹால் செய்து காட்டியது இந்த வழியில்தான். (சுவீடனின் ஏ.எஸ்.இ.ஏ. (ASEA) நிறுவனம் அதற்கு முந்தைய வருடமே செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தது!) சிறு வைர விதை, மேலே கிராஃபைட், நடுவில் உருகிய இரும்பு, நிக்கல் போன்ற உலோகம். வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐம்பது, அறுபதாயிரம் மடங்கு அழுத்தி, 1,300 முதல் 1,600 டிகிரி வரை சூடேற்றுவார்கள். கார்பன் உலோகத்தில் கரைந்து போய் விதையில் படிகிறது.

அந்தப் பெண்மணியின் கல் வந்தது இரண்டாவது வழியான சி.வி.டி.யில். இதில் அழுத்தமே கிடையாது, காற்றை உறிஞ்சி எடுத்த அறைதான். உள்ளே நிறைய ஹைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன். மைக்ரோவேவ் அலையை விட்டதும் வாயு பிளாஸ்மாவாகி ஒளிப்பந்து மாதிரி தகதகக்கும். அதன் அடியில் மெல்லிய வைரத் தகடுகளை வரிசையாக வைத்திருப்பார்கள். மீத்தேனிலிருந்து பிரியும் கார்பன் தகட்டின் மேல் படியப் படிய, கிராஃபைட்டாகப் போகப் பார்ப்பதை ஹைட்ரஜன் அரித்துத் தள்ளிவிடும். வைரமாக உட்கார்ந்தது மட்டும் தங்கும். மணிக்குச் சில மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வளரும். வாரக்கணக்கில் இப்படி வளர்ந்து வெளியே வருவது ஓரமெல்லாம் கரி பிடித்த சதுரக் கட்டி. கறுப்பைச் சீவி எறிந்துவிட்டுத்தான் பட்டை தீட்ட முடியும். பழுப்பு ஏறியிருந்தால் அழுத்த முறையில் மறுபடி சூடேற்றி நிறத்தைச் சரி செய்வதும் உண்டு.

பூமி இதே வேலையை 150 கிலோமீட்டருக்கும் கீழே செய்தது. சுரங்க வைரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயது நூறு கோடி ஆண்டுக்கு மேல். அந்த வயதுதான் வித்தியாசத்தையும் காட்டிக் கொடுக்கிறது. சூட்டில் அத்தனை காலம் கிடந்ததில் கல்லுக்குள் கலந்திருந்த நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று கூடிவிட்டன; இயற்கைக் கற்களில் சுமார் 95 சதவீதம் அப்படித்தான். சி.வி.டி. கல்லில் நைட்ரஜன் அநேகமாக இருக்காது. பரிசோதனைக்கூடக் கருவிகள் முதலில் தேடுவது இதைத்தான். அழுத்த முறைக் கல் சிலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. வளரும்போது சூழ்ந்திருந்த உலோகத்தின் துணுக்கு உள்ளே சிக்கியிருந்தால், நூலில் கட்டித் தொங்கவிட்டு வலுவான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கல் லேசாகத் திரும்பும். நானே செய்து பார்த்திருக்கிறேன். வைரம் காந்தத்துக்குத் திரும்பினால் இத்தனை வருடத் தொழில்காரனுக்கு எப்படி இருக்கும்!

ஆய்வக வைரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 'பசுமை வைரம்' என்று கூவி விற்கிறவர்களும் என்னை எரிச்சல்படுத்துகிறார்கள். அந்த இயந்திரங்கள் வாரக்கணக்கில் குடிப்பது மின்சாரம். அது நிலக்கரியில் வந்ததா, நீர்வீழ்ச்சியில் வந்ததா என்று சொல்லாமல் பசுமை என்பதற்குப் பொருளில்லை. அமெரிக்க வணிக ஆணையம் 2019-ல் எட்டு விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியபோது, ஆதாரமில்லாத இந்த மாதிரிப் பேச்சையும் கண்டித்தது. அதே ஆணையம்தான் 2018-ல் வைரத்துக்கான தன் வரையறையிலிருந்து 'இயற்கை' என்ற சொல்லை எடுத்தது. அப்படி எடுத்தும், ஆய்வகக் கல்லை விற்கும்போது அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. சுரங்கக்காரர்களும் சுத்தமில்லை. சுரங்கக் கற்களுக்கு 2003 முதல் தரப்படும் கிம்பர்லி சான்று, கிளர்ச்சிப் படைகளுக்குப் பணமாகும் கற்களைத்தான் தடுக்கிறது. குழிக்குள் இறங்குகிறவரின் கூலியைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இன்னொன்று. இயந்திரம் கூடக் கூட ஆய்வகக் கல்லின் விலை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. சேமிப்பு என்று நினைத்து வாங்கினவருக்கு நஷ்டம்தான். சுரங்கக் கல்லையும் விற்கப் போகும்போது வாங்கின விலை கிடைப்பது அபூர்வம், அதையும் கடைக்காரர் வாயால் கேட்க முடியாது.

ஆகவே உங்கள் செய்தியாளர்கள் 'போலி' என்பதை விட்டுவிட்டு 'ஆய்வக வைரம்' என்றே எழுதட்டும். வாங்குகிறவர்கள் 'அசலா?' என்று கேட்காமல் 'எங்கே பிறந்தது?' என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கட்டும்.

அந்தப் பெண்மணி மோதிரத்தை விற்கவில்லை. போன மாதம் கல் ஆடுகிறது என்று கொண்டுவந்தார். கல்லைக் கழற்றித் துடைத்து, பத்து மடங்கு லென்ஸில் நெடுநேரம் பார்த்தேன். அறிக்கையைப் படித்திராவிட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. கம்பியை இறுக்கிக் கொடுத்துவிட்டு, பழுது ரசீதில் 'ஆய்வக வைரம், ஒன்று' என்று எழுதினேன்.

இப்படிக்கு,
கல் பதிக்கும் தொழிலாளி ஒருவர்